சண்டைக்கு வந்தவர்கள் போட்ட பாதை

அவரிடம் சண்டைக்குப் போனால் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. ஒரு வேலையோடு திரும்பி வரலாம், அவ்வளவுதான்.

பெயரை எழுதப்போவதில்லை. காட்டுப் பாதை திறந்தபோது அங்கே வைத்த பலகையில் தன் பெயர் வரவே கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் அவர். நான் இங்கே எழுதினால், "இவ்ளோ நேரம் இருக்குதா உனக்கு? வா, வளைவுல புல்லு மண்டிக்கினு கெடக்குது" என்று எங்கிருந்தாவது குரல் வரும். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த ஃபோர்மேனுக்கும் அக்காதான்.

பெங்களூரில் அப்போது பெரிதாக இருந்த ஒரு ஃபாக்டரியில் தொண்ணூற்றொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சோல்டரிங் செக்‌ஷன். நீள மேஜைகளின் இரண்டு பக்கமும் பெண்கள். ஈயப் புகை கண்ணைக் கரிக்கும். ஜன்னலோர இடத்துக்கு அடிபிடி. அடம்பிடித்து அந்த இடத்தை வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் லீவு முடிந்து வந்து பார்த்தால், என் ஸ்டூலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அக்காதான் உட்கார வைத்தார் என்றார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் அம்மாவே பயப்படுவாள். நேராக அக்காவின் முன்னால் போய் நின்று, கேன்டீன் வரை கேட்கும்படி கத்தினேன். அவர் சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். முழுவதும் கேட்டார்.

"நியாயம்தான்" என்றார்.

அவருடைய எல்லாப் பேச்சும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்கும். ஆரம்பத்தில் எனக்கு அது தெரியாது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு வீசிங் இருக்குது. பொகை பட்டா மூச்சு வாங்குது. உனக்கு எடம் போச்சு, அதுவும் தப்புதான். இந்தப் பக்கம் ஒரு ஃபேன் இருந்தா ரெண்டு பேருக்கும் பிரச்சனை இல்ல. நாங்கல்லாம் கேட்டுப் பாத்துட்டோம், ஃபோர்மேன் அசைய மாட்டேங்கறாரு. நீ நல்லா கோவப்படற. நீ போய்க் கேளு."

போனேன். கத்தினேன். அந்த மாதமே ஃபேன் வந்தது. அதற்குப் பிறகு செக்‌ஷனில் எது வேண்டுமானாலும் ஃபோர்மேனிடம் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. சண்டை போட்டதற்குச் சம்பளம் இல்லாத ஒரு பதவி.

ஒருமுறை அவரிடமே கேட்டேன், ஏன் எப்போதும் கோபமாக வருகிறவர்களையே பிடிக்கிறீர்கள் என்று. "கோவம் வராத ஆளுக்கு எதைப் பத்தியும் கவல இல்லன்னு அர்த்தம். அவனை வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?" என்றார்.

குள்ளமான உருவம். இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். எங்கே போனாலும் ஒரு ஒயர் கூடை. அதற்குள் அவருடைய சாப்பாடு இருக்கிறதோ இல்லையோ, கயிறும் கத்தரிக்கோலும் சாக்பீஸும் ஒரு ஜோடி பழைய கையுறையும் கட்டாயம் இருக்கும். கையுறை யாருக்கென்று கேட்டால், "யாராச்சும் வருவாங்க" என்பார்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் அவர் வீடு. ஊரில் தமிழர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நதிநீர்க் கலவர நாட்களில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். வெளியிலிருந்து சில இளைஞர்கள் சந்துக்குள் சத்தம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு அப்போது பிரசவ வலி. அக்கா கதவைத் திறந்து வெளியே போய், அவர்களில் இரண்டு பேரின் கையைப் பிடித்து, "சும்மா நின்னு கத்தறதுக்கு இவளத் தூக்குங்கப்பா" என்று கன்னடத்தில் அதட்டியிருக்கிறார். தூக்கினார்களாம். ஆட்டோ கிடைக்காமல் ஆஸ்பத்திரி வரைக்கும் கட்டிலோடு தூக்கிப் போனார்களாம். நான் கண்ணால் பார்க்கவில்லை. அக்காவிடம் கேட்டால், "அவனுங்க நல்ல பசங்க" என்பதோடு பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் பையன்களில் ஒருவர் பிற்காலத்தில் பாதை வேலைக்கு ஞாயிறுதோறும் கடப்பாரையோடு வந்தார் என்பதை மட்டும் நான் பார்த்தேன்.

பாதைக்கு வருகிறேன்.

எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு காடு. பெரிய காடு இல்லை. தைல மரமும் புங்கமும் காட்டு ஈச்சையும் கலந்து, நடுவில் பாறைகளோடு ஏரிக்கரை வரை போகும். வனத்துறை இடம். அதைத் தாண்டினால் ஒரு ஹள்ளி, கன்னடக்காரர்களின் கிராமம், அங்கேதான் பஸ் நிற்கும். இரண்டாவது ஷிஃப்ட் முடித்த பெண்கள் சுற்று வழியில் போனால் கடைசி பஸ் போய்விடும் என்பதால் காட்டு வழியாகவே ஓடுவார்கள். ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன் நானும். குடிக்கிறவர்கள் பாறை மேல் உட்கார்ந்து விசிலடிப்பார்கள். காலில் பாட்டில் சில்லு குத்தும். வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஃபாக்டரி ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். கடைசி நாளில் மாலை போட்டோம். மாலையைக் கழற்றி ஒயர் கூடையில் வைத்துவிட்டு, "இனிமே எனக்கு நேரம் இருக்குது. அந்தக் காட்டுல பொம்பளைங்க ஓடாம நடக்கணும். நடந்தே போய் பஸ் ஏறணும். அதை முடிச்சுட்டுத்தான் வேற வேல" என்றார்.

வனத்துறை ரேஞ்சர் முதலில் மறுத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். பாதையின் மறுமுனை ஹள்ளியின் மேய்ச்சல் நிலத்தில் போய் முடிகிறது, ஊர்க்காரர்கள் சம்மதித்தால்தான் பாதை, அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கே மூடிவிட வேண்டும். ஊர்த் தலைவரான கௌடர் சம்மதித்தார். ஐம்பது வயது, பெரிய மீசை, எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றியே தமிழ் கற்றுக்கொண்டவர். "ஹெங்கசுரு நடக்கிறதுக்குத்தானே? நம்ம ஊர் பொம்பளைங்களும் நடக்கட்டும். மாடிக்கோங்க, பண்ணிக்கோங்க" என்றார்.

அதற்குப் பிறகு சண்டைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக மாட்டினார்கள். பாறை மேல் குடித்துக்கொண்டிருந்தவர்கள், எங்கள் இடத்தில் உங்களுக்கென்ன வேலை என்று வந்தார்கள். நியாயம்தான், உங்களுக்குத்தான் இங்கே ஒவ்வொரு பாறையும் தெரியும் என்று அவர்களைக் கொண்டே வழியை அளக்க வைத்தார். ஓவியக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், காட்டின் அழகைக் கெடுக்கிறீர்கள் என்று கொதித்துப்போய் வந்தார். "நியாயம்தான் சார். கெடாம எப்பிடிப் பண்றதுன்னு எங்களுக்குத் தெரியல, நீங்க பண்ணிக் குடுங்க" என்று அவர் கையில் அந்தக் கையுறையைக் கொடுத்தார். அந்த மனிதர் மாணவர்களோடு வந்து, ஃபாக்டரி ஏலத்தில் கழித்த இரும்பை வைத்து என்னவெல்லாமோ செய்தார். பல்சக்கரங்களில் ஒரு மான் கூட்டம். தகட்டுத் துண்டுகளில் கொக்குகள், காற்றடித்தால் இறக்கை அசையும். ஏரியைப் பார்த்தபடி ஆளுயரத்தில் ஒரு காது, அதற்குள் தலையை விட்டால் தண்ணீர்ச் சத்தம் பக்கத்தில் கேட்கும்.

ஹள்ளிப் பெண்களும் ஒருநாள் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் ஊர் வழியில் உங்கள் இரும்பு மட்டும்தான் நிற்குமா என்று கேட்டார்கள். நியாயம்தான் என்றார் அக்கா. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்கு வீடு சும்மா கிடந்த ராகிக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிஷின் வந்ததிலிருந்து யாரும் கையால் அரைப்பதில்லை. ஆனால் மாவு அரைத்த கல்லைத் தரையில் பதித்து மிதிக்கச் சம்மதிக்கவில்லை. இடுப்புயர மேடை கட்டி வரிசையாக வைத்தோம். போகிறவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகலாம். அந்தக் கரகரச் சத்தத்தைக் கேட்டு அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் பிடிக்கும்.

பாதை முடியப்போகிற இடத்தில், ஆல மரத்தடியில் ஒரு வீரகல்லு. நாம் நடுகல் என்போமே, அதுதான். கீழ்ப் பகுதியில் ஒருவன் குத்துவாளோடு புலியை எதிர்க்கிறான், பின்னால் மாடுகள். நடுவில் இரண்டு தேவப் பெண்கள் அவனைத் தூக்கிப் போகிறார்கள். மேலே அவன் சொர்க்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஊர் மாடுகளைக் காப்பாற்றிச் செத்த தங்கள் முன்னோர் என்று ஹள்ளியில் சொல்வார்கள். வருடம் ஒருமுறை ஊர்த் திருவிழாவான ஹப்பாவுக்கு முன் அந்தக் கல்லின் முதுகிலும் பக்கங்களிலும் சுண்ணாம்பு அடித்து, சிற்பம் இருக்கும் முகத்துக்கு எண்ணெய் மட்டும் தடவுவது அவர்கள் வழக்கம்.

அங்கேதான் வினை வந்தது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் ஃபாக்டரியில் ஒரு மிஷின் அழுக்காக நிற்கக்கூடாது. துடைத்து, பச்சை பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். அந்த வருடம் பெயின்ட் ஷாப் ஆட்களுக்கு ஒரு பாசம் பொங்கியது. கையில் வாளோடு ஒருவர் ஆல மரத்தடியில் நிற்கிறார், அவருக்கு ஆயுத பூஜை போடாமல் நமக்கென்ன பூஜை? பூஜை முடிந்ததும் மிச்சமிருந்த டப்பாவோடு கிளம்பிப் போய், வீரகல்லை மேலிருந்து கீழ் வரை மிஷின் பச்சையில் அடித்து, வாளுக்கு மட்டும் அலுமினியம் பெயின்ட் கொடுத்து, மாலை போட்டு, பூசணிக்காயும் உடைத்துவிட்டு, பொரி கடலை தின்றுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். புலி எது, மாடு எது என்று தெரியவில்லை. லேத் மிஷின் மாதிரி பளபளவென்று நின்றது.

நான் அக்காவைக் கூட்டி வருவதற்குள் கௌடர் வந்துவிட்டார். கூட ஊரே வந்திருந்தது.

"ஏனம்மா இது? எங்க பெரியவரு முகத்துல பெயின்ட்டா? உங்க தாத்தா ஃபோட்டோல நாங்க வந்து பெயின்ட் அடிச்சா சும்மா இருப்பீங்களா?"

"நியாயம்தான் கௌடரே" என்றார் அக்கா. "இதை எடுக்கணும். எங்க ஆளுங்க கையில தனியா விடமாட்டேன். நீங்களே பக்கத்துல நின்னு..."

"எனக்கு வேற வேல இல்லியா? உங்க வேலைய நான் ஏன் பார்க்கணும்? பாதை பேடா, வேணாம். ஆய்த்து, முடிஞ்சுது." கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பாதையின் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். ரேஞ்சர் சொன்ன நிபந்தனை அது. முள் அங்கே கிடக்கும்வரை பாதை கிடையாது. திறப்பதற்கு முன்பே அதில் நடக்கத் தொடங்கியிருந்த இரண்டாவது ஷிஃப்ட் பெண்கள் மறுபடியும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பழைய ஒற்றையடியில் ஓட ஆரம்பித்தார்கள்.

அக்காவின் வித்தை பலிக்காமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தினமும் காலையில் போய் முள்ளுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார். கூடை காலடியில் கிடக்கும். நான் பெயின்ட் ஷாப் ஆட்களைத் திட்டித் தீர்த்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆசையா பண்ணானுங்க. நான் ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கணும்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஓர் அசதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தீபாவளி கழிந்து ஒருநாள் எழுந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முள்ளைச் சுற்றிக்கொண்டு ஹள்ளிக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கௌடர் மாட்டுக் கொட்டகையில் இருந்தார்.

"கௌடரே, கோவமா வர்றவங்களுக்கு நான்தான் எப்பவும் வேல குடுப்பேன். இந்த வாட்டி அது சரியில்ல. தப்பு எங்க பக்கம். நீங்க எனக்கு ஒரு வேல குடுங்க."

கௌடர் மாட்டின் மேலிருந்து கையை எடுக்காமல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விரட்டுவதற்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "ஹப்பா வருது. ஊர் முழுக்க சுண்ணாம்பு அடிக்கணும். அடிங்க."

"எப்ப ஆரம்பிக்கட்டும்?" என்றார் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் ஷாப் முழுவதும் ஹள்ளியில் இருந்தது. ஸ்ப்ரே கன்னைத் தவிர வேறு பிடிக்காத சீனியர்கள் தென்னை மட்டையைத் தட்டி பிரஷ் செய்துகொண்டு, முழங்கை வரை வெந்து, வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். அக்கா ஒரு பெரிய வாளியோடு முன்னால். முதலில் கதவிடுக்கில் பார்த்த பெண்கள், மத்தியானத்துக்கு மோர் கொண்டுவந்தார்கள். மறு ஞாயிறு ராகி முத்தை, அதாவது களி உருண்டையும், சாறும் வந்தன. முத்தையை மென்று மென்று திணறிய எங்கள் சீனியர் ஒருவரைப் பார்த்து, "கடிக்காதீங்க சாமி, முழுங்குங்க" என்று ஊரே சிரித்தது. கடைசி வீட்டுச் சுவர் முடிந்த அன்று கௌடர் தானாகவே வந்து, "வாங்க, எங்க பெரியவரு முகத்துல இருக்கிற பெயின்ட்டைப் பார்ப்போம்" என்றார்.

ஓவிய ஆசிரியர் மருந்து தடவி ஊற வைத்தார். பெயின்ட் ஷாப் ஆட்கள் பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தார்கள். கௌடர் பக்கத்திலேயே நின்று, "மெல்ல, மெல்ல, அது மூக்கு" என்று அதட்டினார். புலியின் வால் முதலில் வந்தது, பிறகு மாடுகள், கடைசியாக வாள். வாள் தெரிந்ததும் முத்தையில் திணறிய அந்தச் சீனியர் கைகூப்பி அழுதார். ஹப்பாவுக்கு முதல் நாள் முதுகில் சுண்ணாம்பு எப்படி அடிப்பது என்று கௌடர் அவருக்கே காட்டிக் கொடுத்தார். பிறகு போய், பாதையின் வாயில் கிடந்த முள்ளைத் தன் கையாலேயே இழுத்து எறிந்தார்.

பாதை திறந்த அன்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசினார்கள். அக்கா மேடையில் இல்லை. இரண்டாவது ஷிஃப்ட் பெண்களை முன்னால் விட்டுவிட்டு நடுவில் எங்கோ நடந்து வந்தார். மான்களைத் தாண்டி, காதைத் தாண்டி, ராகிக் கல்லைச் சுற்றிவிட்டு, நாங்கள் நடந்தோம். யாரும் யார் முந்தானையையும் பிடிக்கவில்லை. நான் பிறந்த ஊரில் நான் நிமிர்ந்து நடக்க ஒரு வழி, அதைப் போட்டவள் எங்கள் மேஜையில் உட்கார்ந்து ஈயம் உருக்கியவள். இதைவிட என்ன பெருமை வேண்டும்?

அதிலிருந்து ஒவ்வொரு ஹப்பாவுக்கும் வீரகல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் ஃபாக்டரிக்காரர்களின் முறையாகவே ஆகிவிட்டது. அக்காதான் வாளி பிடிப்பார்.

சில வருடங்கள் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் இருப்பது எனக்கு யார் மூலமாகவோ தெரிய வந்தது. பல மாதங்களாக உடம்பு சரியில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலருகே போய் நின்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள்.

"நியாயம்தான்" என்றார். குரல் மெலிந்திருந்தது. "இந்த வருஷம் ஹப்பாவுக்கு என்னால வர முடியாது. நீ போய் வாளியப் புடி."

"நான் சண்டைக்கு வந்திருக்கேன் அக்கா."

"அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்."

ஹப்பாவுக்கு முன்பே போய்விட்டார்.

அந்த வருடம் நான் வாளி பிடித்தேன். கௌடருக்கு மீசை நரைத்திருந்தது. பெயின்ட் ஷாப் சீனியர் கல்லின் முதுகில் முதல் பட்டை இழுத்தபோது, பாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்றார். ஏரிக்குப் பக்கத்தில் புதிதாக வந்த அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார்.

"என்ன மேடம் பண்றீங்க? எவ்வளவு பழைய கல் இது! சுண்ணாம்பு அடிச்சு நாசம் பண்றீங்க? யார் பர்மிஷன் குடுத்தா? நான் கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்." செல்போனை எடுத்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. அக்கா போன துக்கத்துக்கு அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். வாயைத் திறந்தேன்.

"நியாயம்தான் சார்" என்றேன்.

எனக்கே திக்கென்றது. ஆனால் வாய் நிற்கவில்லை. "முதுகுலயும் பக்கத்துலயும் மட்டும்தான் அடிப்பாங்க, அது ஊர் வழக்கம். முகத்துல ஒரு சொட்டு தெறிக்கக்கூடாது. அதுல உங்களுக்கு இருக்கிற அக்கற எங்க யாருக்கும் இல்ல. இந்தச் சாக்க முன்னாடி விரிச்சுப் புடிங்க. தெறிச்சா எங்களத் திட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். செல்போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, சாக்கை வாங்கி, புலிக்கும் வாளுக்கும் முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

கௌடர் சிரித்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அக்கா வந்துட்டாங்கப்பா, வேலையப் பாருங்க" என்றார்.